ஊர் பட்டணமாகிறது, கூலிக்காரி என்ன ஆகிறாள்?

ஒரு கிராமம் எப்போது பட்டணமாகிறது? ஏர் பூட்டுவது நிற்கும்போதா? மண் ரோட்டில் தார் விழும்போதா? பெட்டிக்கடை இருந்த இடத்தில் ஏ.டி.எம். முளைக்கும்போதா? இல்லை, தோழர்களே! சர்க்கார் கெஜட்டில் ஓர் அறிவிப்பு வெளியாகும்போது கிராமம் பட்டணமாகிறது. முந்தின இரவு ஊராட்சியில் படுத்தவன் மறுநாள் காலை மாநகராட்சியில் கண் விழிக்கிறான். அதே கூரை, அதே கொசு, அதே குழாயடிச் சண்டை. மாறியிருப்பது ஒன்றே: எந்தச் சட்டத்தின் கீழ் அவன் வாழ்கிறான் என்பது.

இது ஏதோ நிர்வாக விவகாரம், ஆபீஸர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2024இல் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகிய நான்கும் மாநகராட்சிகளாக உயர்த்தப்பட்டன. 2025 பிறந்த கையோடு, 16 மாநகராட்சிகளை விரித்து அவற்றோடு 149 ஊராட்சிகளைச் சேர்ப்பதற்கான உத்தரவுகளை மாநில சர்க்கார் வெளியிட்டது. நகராட்சிகளை விரிப்பதும், புதிய பேரூராட்சிகளை அமைப்பதும் அதற்கு மேல். உத்தரவு வந்ததும் பட்டணத்து மேல்தட்டு மகிழ்ந்தது. ஆனால் சேர்க்கப்படவிருந்த ஊர்களில் பல என்ன செய்தன? மனுவும் கையுமாகக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றன. "எங்களைப் பட்டணமாக்காதே" என்று கோஷமிட்டன.

உடனே ஒரு கேலி எழுந்தது. "பார்த்தீர்களா, வளர்ச்சி வேண்டாம் என்கிற ஜனங்கள்! ரோடு வேண்டாமாம், விளக்கு வேண்டாமாம், பாதாளச் சாக்கடை வேண்டாமாம்!" குளிர்பதன அறையில் உட்கார்ந்து இப்படிப் பேசுவது எளிது. மனுவைக் கையில் வைத்திருந்த பெண்ணிடம் காரணம் கேட்டிருந்தால் இரண்டே வாக்கியத்தில் சொல்லியிருப்பாள்: நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும். அவ்வளவுதான். இந்த இரண்டு வாக்கியத்துக்குள் கிராம வாழ்வுக்கும் நகர வாழ்வுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

நூறு நாள் வேலையின் எல்லைக்கோடு

2005ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரலில் நாடு முழுவதும் பரவியது. ஆண்டுக்கு நூறு நாள் உடலுழைப்பு வேலை; கேட்டால் கொடுத்தாக வேண்டும்; கொடுக்காவிட்டால் படி தரவேண்டும். சட்டம் யாருக்கு? ஊரகப் பகுதியில் வாழும் குடும்பத்துக்கு. ஊரகப் பகுதி எது? நகர உள்ளாட்சி அமைப்பு எதன் எல்லைக்குள்ளும் அடங்காத பகுதி. இங்கேதான் கோடு விழுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவள் வேலையைச் சட்டப்படி கேட்கலாம். அந்தப் பக்கம் நிற்பவள் கேட்க முடியாது. அவளுடைய பசியில் எந்த மாற்றமும் இல்லை.

இந்த வேலையில் குறைகள் இல்லையா? ஏராளம் உண்டு. நாடெங்கும் சராசரி பார்த்தால் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஐம்பது நாளை ஒட்டித்தான். கூலி மாதக்கணக்கில் பாக்கி நின்றதைத் தோழர்கள் அறிவார்கள். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். அதுவும் அளவெடுப்புக்குப் பிறகு முழுதாய்க் கைக்கு வருமென்ற நிச்சயம் கிடையாது. ஆயினும் அந்த வேலை செய்த ஒரு காரியத்தை மறக்கக்கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று கிராமத்தில் எழுதி வைத்த வேலை அது. களையெடுக்கப் போகிறவளுக்கு "இஷ்டமிருந்தால் வா, இல்லையேல் போ" என்று கூலி பேசிய பண்ணையார், இவளுக்குப் போக வேறு இடம் இருக்கிறது என்று தெரிந்தபின் சற்றே குரலைத் தாழ்த்தினார். "நூறு நாள் வேலையால் ஆள் கிடைப்பதில்லை" என்ற புலம்பலைக் கேட்டிருப்பீர்கள். ஆள் கிடைக்கவில்லை என்பதல்ல அதன் பொருள். பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதே பொருள்.

தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்கள் யார்? மொத்த வேலை நாட்களில் பத்தில் எட்டுக்கும் மேல் பெண்கள் செய்தவை. வயதானவர்கள், கணவனை இழந்தவர்கள், மில் வேனில் ஏற்றிக்கொள்ளாத வயதைத் தாண்டியவர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

2025 டிசம்பரில் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நாட்களை 125 என்று கூட்டிக் காட்டியது. செலவில் நூற்றுக்கு நாற்பதைப் பெரும்பாலான மாநிலங்களின் தலையில் ஏற்றியது. விதைப்பு, அறுவடைக் காலத்தில் அறுபது நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்தது. பண்ணையாரின் புலம்பல் டில்லிக்குக் கேட்டிருக்கிறது! அதன் நன்மை தீமை தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே நமக்கு வேண்டியது ஒன்று: புதிய சட்டமும் ஊரகத்துக்கே. கோடு அழியவில்லை.

பெண்ணை எண்ணாத கணக்கு

சரி, எது ஊர், எது பட்டணம் என்று தீர்மானிக்க ஏதாவது அளவுகோல் உண்டா? ஜனத்தொகைக் கணக்கெடுப்பு இலாகாவிடம் ஒன்று உண்டு. 5,000 பேராவது வசிக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது நெருங்கியிருக்க வேண்டும். உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேராவது விவசாயமல்லாத தொழிலில் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால், நிர்வாகத்தில் அது கிராமமாகவே இருந்தாலும், கணக்கில் பட்டணம்.

மூன்றாவதை இன்னொரு முறை படியுங்கள். உழைக்கும் ஆண்கள்! பெண்கள் எங்கே? நாற்று நடுகிறவள், களை பறிக்கிறவள், கதிர் அறுக்கிறவள், ஆடு மேய்க்கிறவள் — அவள் கணக்கிலேயே இல்லை. கணவனும் மகனும் பனியன் கம்பெனிக்கும் கட்டிட வேலைக்கும் போய்விட்டால், அவள் இன்னும் சேற்றில் நின்றுகொண்டிருந்தாலும், அந்த ஊர் இலாகாவின் ஏட்டில் பட்டணம்.

இவ்விதம் கணக்கில் மட்டும் பட்டணமான ஊர்கள் தமிழ்நாட்டில் 2001இல் 111. 2011இல் 376. பத்தே ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல். நாடு முழுவதற்கும் 1,362 என்றிருந்தது 3,800ஐத் தாண்டிற்று. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். பெரிய மாநிலங்களில் முதலிடம். 1951இல் இது 24 ஆக இருந்தது. இந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டு மேடையேறி மார்தட்டுவோர் உண்டு.

கணக்கில் பட்டணமாவது ஒன்று. சட்டத்தில் பட்டணமாவது இன்னொன்று. முதலாவதால் எவருடைய வேலையும் போவதில்லை. ஊராட்சி ஊராட்சியாகவே தொடர்கிறது. இரண்டாவது, மாநில சர்க்கார் உத்தரவால் நடப்பது. அப்போதுதான் வேலைச் சட்டம் விலகிக்கொள்கிறது. ஆனால் முதலாவது இரண்டாவதற்கு வாதமாகிறது: "ஏற்கெனவே நகரமாகிவிட்டது, இனி நகராட்சியாக்குவதில் என்ன தயக்கம்?" என்கிறார்கள். அதாவது, பெண்ணை எண்ணாமல் போட்ட கணக்கு, பெண்ணின் வேலையைப் பறிக்கும் உத்தரவுக்குச் சாட்சி சொல்ல வருகிறது.

சர்க்காருக்கே இந்தக் கோட்டில் எவ்வளவு நம்பிக்கை என்று பார்க்க வேண்டுமா? 2004இல் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரே உத்தரவில் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று பெயர் மாற்றினார்கள். கிராமத்துக்கென்று மத்திய சர்க்கார் தரும் பணத்தைப் பெறுவதற்காகச் செய்த ஏற்பாடு. 2006இல் மறு உத்தரவு, திரும்பவும் பேரூராட்சி. இரண்டே ஆண்டில் பட்டணம் கிராமமாகி, கிராமம் பட்டணமாயிற்று. இடையில் ஒரு செங்கல்லாவது இடம் மாறியதா? பணம் எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் கோட்டை நகர்த்தலாம் என்று சர்க்காருக்குத் தெரியும். கூலிக்காரி அதையே சொன்னால் மட்டும் பட்டிக்காட்டுத்தனம்!

ஆதாயம் யாருக்கு?

கோடு நகரும்போது எல்லாருமே இழப்பதில்லை. இதை வெளிப்படையாகப் பேச வேண்டும்.

ஊரை ஒட்டி மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு இணைப்பு உத்தரவு பரிசுச் சீட்டு விழுந்த மாதிரி. நேற்றுவரை ஏக்கர் கணக்கில் பேசிய நிலத்தை இன்று சென்ட் கணக்கில் பேசுகிறார்கள். கல் நடுகிறார்கள், கொடி கட்டுகிறார்கள், பிளாட் போடுகிறார்கள். அந்த நிலத்தில் ஆண்டாண்டாய் நாற்று நட்ட பெண்ணுக்கு அந்த விற்பனையில் ஒரு பைசா உண்டா? நிலம் விற்றவனுக்குப் பணம், வாங்கியவனுக்கு மனை, புரோக்கருக்குக் கமிஷன், சர்க்காருக்குப் பத்திரச் செலவு. உழைத்தவளுக்கு வேலை போனதுதான் மிச்சம். ஏரிக்கரையில் ஆடு மேய்த்தவனுக்கு மேய்ச்சல் போயிற்று. நிலமுள்ளவன், நிலமில்லாதவன் என்ற பழைய பிரிவினை பட்டணமாவதால் தீர்ந்துவிடுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது ரூபாய் நோட்டாக மாறி இன்னும் உறுதியாகிறது, அவ்வளவே.

வரிக்கு வருவோம். ஊராட்சியின் வீட்டுவரிக்கும் நகரத்தின் சொத்துவரிக்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல. 2022 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்துவரியை வீட்டின் பரப்புக்கேற்ப நூற்றுக்கு 25 முதல் 150 வரை உயர்த்தினார்கள். சிறிய வீட்டுக்குக் குறைவு என்பது உண்மை. ஆனால் கிராமத்தில் ஓட்டு வீடு கட்டியவன் பணக்காரன் என்பதால் அகலமாகக் கட்டியிருப்பானா? அண்ணன் தம்பி மூன்று குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும் என்று கட்டினான். அந்த அகலத்துக்குப் பட்டணத்தில் விலை வேறு.

வரிக்கு ஈடாக வசதி வருமே என்பார்கள். வரும், எப்போது வரும்? சென்னையைப் பாருங்கள். 2011இல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்தது. ஒன்பது நகராட்சி, எட்டு பேரூராட்சி, இருபத்தைந்து ஊராட்சி — ஆக 42 உள்ளாட்சிகள் கரைந்தன. தெற்கே பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டிடங்கள் எழுந்தன. எட்டு ஆண்டு கழித்து 2019 கோடையில், அந்தக் கண்ணாடிக் கட்டிடங்களின் பின்னால் இருந்த தெருக்கள் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நின்றன. சேர்க்கப்பட்ட பகுதிகள் பலவற்றில் பத்தாண்டு கடந்தும் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வரி மட்டும் இணைந்த கையோடு பட்டணத்து வரியாகிவிட்டது.

அதே சாலையில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வேடிக்கை என்று சொல்லக் கூடாது, வயிறு எரிகிறது. சென்னையின் நடுவே கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் குடியிருந்த உழைப்பாளிகளை 2000ஆம் ஆண்டிலிருந்து லாரி லாரியாக ஏற்றிக் கண்ணகி நகரில் இறக்கினார்கள். பின்னர் செம்மஞ்சேரியில், பின்னர் பெரும்பாக்கத்தில். கண்ணகி நகர் எழுந்த ஒக்கியம் துரைப்பாக்கம் அப்போது ஊராட்சி. பட்டணத்து ஏழை ஊராட்சிக்கு அனுப்பப்பட்டான். அவன் போய்ச் சேர்ந்து, வீட்டுவேலைக்கும் கூலி வேலைக்கும் இருபது கிலோமீட்டர் பஸ் ஏறப் பழகிய பின், அந்த ஊராட்சியே பட்டணமாயிற்று. பட்டணத்தின் நடுவிலிருந்து தூக்கி எறியப்பட்டவனைப் பட்டணத்தின் ஓரம் துரத்திப் பிடித்துக்கொண்டது. மைலாப்பூரில் பத்துப் பாத்திரம் தேய்த்தவளுக்கு அந்தத் தூரத்தில் போன வேலையை எந்த இணைப்பு உத்தரவு திருப்பித் தந்தது?

வயிற்றிலும் வித்தியாசமாம்

கிராமத்தானுக்கு ஒரு கணக்கு, நகரத்தானுக்கு ஒரு கணக்கு என்பது ஏட்டில் ஊறிப்போன பழக்கம். 1979இல் திட்டக் கமிஷன் நியமித்த குழு ஒன்று, ஏழ்மையை அளக்க, கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி உணவு, நகரத்தில் 2,100 என்று வகுத்தது. காரணம் என்ன? கிராமத்தில் உடலுழைப்பு அதிகம், நகரத்தில் குறைவு. நல்ல காரணம்தான், நகரத்தில் குமாஸ்தாக்கள் மட்டும் வசித்தால்! கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிற தோழருக்கும், நாலாவது மாடிக்குச் செங்கல் சுமக்கிற சித்தாளுக்கும், சாக்கடையில் இறங்குகிற தொழிலாளிக்கும் முந்நூறு கலோரி குறைத்த கணக்கு இது. நேற்று கிராமத்தில் வரப்பு வெட்டியவன் இன்று பட்டணத்தில் அஸ்திவாரம் வெட்டுகிறான். பஸ் ஏறும்போதே அவன் வயிறு சுருங்கிவிட்டதோ?

பிற்பாடு ரூபாயில் கோடு போட்டார்கள். 2011-12க்குத் திட்டக் கமிஷன் சொன்னது: கிராமத்தில் மாதம் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய், அதற்கு மேல் செலவழிப்பவன் ஏழையல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் 184 ரூபாய். பட்டணத்தில் மாத வாடகையை, தண்ணீரை, பஸ் கட்டணத்தை 184 ரூபாயில் முடித்துக்கொள்ள வேண்டுமாம்! 2023-24இல் சர்க்காரே நடத்திய குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், தலைக்கு மாதச் செலவு சராசரியாகக் கிராமத்தில் 4,122, நகரத்தில் 6,996 என்று வந்தது. இதை வைத்து "நகரத்தான் வசதியாக வாழ்கிறான்" என்று எழுதுவோர் உண்டு. செலவு கூடுவது வேறு, வாழ்வு கூடுவது வேறு என்பதை முதல் தேதி பிறக்கும் ஒவ்வொரு வாடகை வீட்டுக்காரனிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சர்க்கார் மின்சாரத்தை ஒரு விலைக்குத் தருகிறது. ஒண்டுக் குடித்தனத்தில் வீட்டுச் சொந்தக்காரர் யூனிட்டுக்கு வைக்கும் விலை இன்னொன்று.

கிராமம் சொர்க்கமா?

இவ்வளவும் சொன்னதால், நாம் கிராமத்தைக் கட்டிக்கொண்டு அழுவதாக யாரும் நினைக்க வேண்டாம். காந்தியார் கிராமத்தில் இந்தியாவின் ஆன்மாவைக் கண்டார். அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையிலே எழுந்து, கிராமத்தைப் போற்றிப் பாடியவர்களைச் சாடினார். குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் அது என்றார். பெரியாரோ கிராமம், நகரம் என்ற பிரிவினையையே சாதிப் பிரிவினையோடு வைத்துக் கண்டித்தவர். சேரியில் பிறந்தவன் சொல்லட்டும், யார் பக்கம் உண்மை என்று! ஊர் வேறு, சேரி வேறு, சுடுகாடும் வேறு. அதிலிருந்து தப்பிப் பட்டணத்துக்கு ஓடி வந்தவனைத் திரும்பிப் போ என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? பட்டணத்தின் பஸ்ஸிலே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ன சாதி என்று கேட்க முடியாது. டீக்கடையில் தனிக் கிளாஸ் கிடையாது. வாடகைக்கு வீடு தேடும்போது கேள்வி வருகிறது என்பதையும் மறைக்க வேண்டாம். இருந்தாலும் அந்த பஸ்ஸுக்கும் அந்த டீக்கடைக்கும் ஒரு பெருமை உண்டு.

1848இல் மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய அறிக்கையின் பத்து அம்சங்களில் ஒன்று, நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படிப்படியாக அகற்றுவது. அதற்குப் பொருள், வசதி இரு பக்கமும் பரவ வேண்டும் என்பது. எல்லைக் கல்லைப் பிடுங்கி இரண்டு மைல் தள்ளி நடுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

உண்மையில் இன்றைய தொழிலாளி இரண்டு பக்கமும் கால் வைத்துத்தான் நிற்கிறான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் பஸ்கள் விடியுமுன் காஞ்சிபுரத்துக்கும் செய்யாற்றுக்கும் அப்பாலுள்ள கிராமங்களில் ஆள் ஏற்றுகின்றன. திருப்பூருக்கும் கோவைக்கும் சுற்றுவட்டாரமெங்கும் மில் வேன் ஓடுகிறது. சோமனூரில், பல்லடத்தில் தறி ஓடும் வீட்டுக்குப் பின்புறம் சோளக்காடு. பகலில் பட்டணத்துக்கு உழைக்கிறான், இரவில் கிராமத்தில் படுக்கிறான். முதலாளிக்கு இது எவ்வளவு சௌகரியம் தெரியுமா? ஆள் கிராமத்தில் இருந்தால் வாடகை கொடுக்க வேண்டிய கூலி கொடுக்க வேண்டியதில்லை. நோய் வந்தால் ஊர் பார்த்துக்கொள்ளும். கிழமானால் ஊர் பார்த்துக்கொள்ளும். பிள்ளையை ஊரில் பாட்டி வளர்ப்பாள். அந்தப் பாட்டி அரிசி வாங்குவது எந்தக் காசில்? நூறு நாள் வேலைக் காசில்!

2020ஐ மறந்துவிட முடியுமா? மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நான்கு மணி நேரத்தில் நாடு பூட்டப்பட்டது. கட்டிடம் எழுப்பியவனுக்கு அந்தக் கட்டிடத்தில் ஒதுங்க இடமில்லை. தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, கால்நடையாய் நூற்றுக்கணக்கான மைல். எங்கே போனான்? கிராமத்துக்கு. அவன் போய்ச் சேர்ந்ததும் அவனுக்குச் சோறு போட்டதில் பெரும் பங்கு எதற்கு? அந்த 2020-21இல் நாடெங்கும் 389 கோடி மனித நாட்கள் நூறு நாள் வேலை நடந்தது. அச்சட்டத்தின் வரலாற்றில் அதுவே உச்சம். ஆபத்து வந்தபோது பட்டணம் கைவிட்டவனைக் கிராமம் தாங்கிற்று. அப்படித் தாங்கிய தூணைத்தான் இணைப்பு உத்தரவு சத்தமின்றிப் பெயர்த்தெடுக்கிறது.

என்ன கேட்பது?

"இணைக்காதே" என்று மட்டும் கேட்டால் போதாது. சில ஊர்கள் மெய்யாகவே நகரமாகிவிட்டன. அங்கே சாக்கடையும் குப்பை வண்டியும் வேண்டும். ஊராட்சியின் கையிலுள்ள பணத்தில் அது நடவாது. அங்குள்ள உழைப்பாளிக்கும் சுகாதாரம் தேவை. ஆகவே கேட்க வேண்டியது வேறு: வேலை உரிமை ஊரின் பெயரில் இருக்கக் கூடாது; ஆளின் பெயரில் இருக்க வேண்டும்.

முடியாத காரியமா? பக்கத்துக் கேரளத்தில் 2010லேயே அய்யன்காளியின் பெயரால் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் தொடங்கினார்கள். நகரத்து ஏழைக்கும் நூறு நாள். தமிழ்நாட்டிலும் 2022-23இல் நகர்ப்புற வேலைத் திட்டம் ஒன்று நூறு கோடி ரூபாயில் ஆரம்பிக்கப்பட்டது. வரவேற்போம். ஆனால் சென்னையின் இரண்டு மண்டலம், வேறு ஏழு மாநகராட்சி, ஏழு நகராட்சி, முப்பத்தேழு பேரூராட்சி என்று பொறுக்கியெடுத்த இடங்களில் தொடங்கிய ஏற்பாடு அது. சட்டம் என்றால் கேட்கலாம், கிடைக்காவிட்டால் வழக்காடலாம். திட்டம் என்றால் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவே. இணைக்கப்படும் ஒவ்வோர் ஊரிலும், நகரத்து வேலை சட்டமாக வரும்வரை பழைய உரிமை தொடர வேண்டும். வசதி வரும்வரை பழைய வரி தொடர வேண்டும். இதைக் கேட்பதில் அநியாயம் ஏதுமில்லை.

இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது. ஊராட்சியில் கிராம சபை உண்டு. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை. அதில் கூலிக்காரி எழுந்து தலைவரைப் பார்த்து, "வேலை எங்கே? கணக்கு எங்கே?" என்று கேட்கலாம், தலைவர் அவள் வாக்கில் நேரடியாக வந்தவர். மாநகராட்சியான பின், அவளுடைய ஊர் ஒரு வார்டில் பாதியோ கால்வாசியோ. மேயரை அவள் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நகரத்துக்கும் பகுதி சபை என்று 2022இல் விதி செய்தார்கள். அந்த நவம்பர் முதல் தேதி முதல் கூட்டமும் நடந்தது. உங்கள் தெருவில் யாராவது அதற்குப் போய் வந்தார்களா என்று விசாரித்துப் பாருங்கள், விஷயம் விளங்கும்.

ஆகையால் இணைப்புப் பட்டியலில் உள்ள ஊர்களின் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உத்தரவு அமலாகுமுன் கூடும் கிராம சபையில், வேலை அட்டை வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை, பட்டா இல்லாமல் நத்தத்திலும் புறம்போக்கிலும் குடியிருப்பவர்கள் யார் யார், ஏரியும் மேய்ச்சல் தரையும் எத்தனை ஏக்கர் — இந்த மூன்றையும் பெயரோடும் சர்வே எண்ணோடும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். செயலாளர் "பிறகு எழுதிக்கொள்கிறேன்" என்பார். உட்கார்ந்த இடத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.